கூடையில் வந்த தாய் நண்டு

இந்தக் கதையின் கடைசியில் ஒரு கேள்வி வரும். விடை தெரிந்தவர்கள் கதை முடியும் வரை வாயைத் திறக்க வேண்டாம். தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருப்பது எப்படி என்று இந்தக் கதையிலேயே ஒருவர் கற்றுத் தருவார்.

மணற்குடா என்றொரு உப்பங்கழி. அதன் கடலோரக் குப்பத்தில் படகும் வலையும் வைத்திருந்தவர்களுக்கு ஒரு சங்கம் இருந்தது. உட்புறத்து அலையாத்திக் காட்டில், சேற்று வளைக்குள் கையை விட்டு நண்டு பிடிக்கும் இருளர்களுக்குக் கை மட்டும்தான் இருந்தது. சங்கத்தில் இடம் கேட்டுப் போகும்போதெல்லாம், வலை இல்லாதவன் எந்த ஊர் மீனவன் என்று சிரித்து அனுப்பிவிடுவார்கள். பிழைக்க வழியில்லாமல் அவர்களில் பாதிப் பேர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார்கள்.

பிறகு வெளிநாட்டுக்கு நண்டு அனுப்பும் கம்பெனி ஒன்று வந்தது. கழியின் வளம் குறையாமல் தொழில் நடக்க வேண்டும், வயிற்றடியில் முட்டை ஒட்டிய தாய் நண்டு ஒன்றுகூட வரக் கூடாது என்றது. அந்த மண்ணின் பழங்குடிகளுக்கும் பங்கு வேண்டும் என்றது. தலைமுறை தலைமுறையாகக் கிடைக்காத இடம், எங்கோ இருப்பவன் தட்டுக்காக ஒரே வாரத்தில் கிடைத்தது. அலையாத்திக் கால்வாய்கள் இருளர்களுக்கு என்று முடிவானது. சூளைக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குத் தலைவியாகச் சங்கத்தில் உட்கார்ந்தவள் செஞ்சியம்மா. கையில் நண்டோடு அவள் சிரிக்கும் படத்தைக் கம்பெனி தன் பெட்டிகளில் அச்சடித்தது. அவள் உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் சிரித்தாள்.

கம்பெனியின் பரிசோதகர் புருஷோத்தமன் திரை கட்டி, படம் காட்டி எல்லோருக்கும் வகுப்பு நடத்தினார். முட்டை வெளியே வந்த தாய் நண்டு சேற்றில் தங்காது, குஞ்சு பொரிக்கக் கடலுக்குப் போய்விடும் என்று விளக்கினார். தங்களுக்குத் தெரிந்த கதைதானே என்று இருளர்கள் பொறுமையாகத் தலையாட்டினார்கள். விதியையும் அவரே சொன்னார். புதிதாகச் சேர்ந்தவர்கள் தவறினால் அவர்களுக்கு மட்டும் ஓராண்டு தடை. பழைய உறுப்பினர் தவறினால் கொள்முதலே நின்றுவிடும்.

இருளர்கள் நண்டைக் கோரைப்புல்லால் கட்டுவார்கள், படகுக்காரர்கள் நைலான் கயிற்றால் கட்டுவார்கள். எல்லோருக்கும் ஒரே கட்டு என்று சங்கம் சொன்னது. கோரை போய் நைலான் வந்தது. நாமும் அவர்களும் ஒன்றாகிவிட்டோம் என்று செஞ்சியம்மா அதற்கும் மகிழ்ந்தாள்.

சோதனை நாளன்று எல்லாக் கூடைகளையும் ஒரே தொட்டியில் கொட்டினார்கள். துழாவிய புருஷோத்தமன் கையில் ஒரு தாய் நண்டு வந்தது. வயிற்றடியில் முட்டை கொத்தாக ஒட்டியிருந்தது. நைலான் கட்டு, இப்போது எல்லோர் கட்டும் அதுதான்.

"இது யார் பிடிச்சது?"

படகுக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். சங்கத் தலைவர் தணிகாசலம் செஞ்சியம்மாவைச் சுவரோரம் அழைத்துப் போனார்.

"தா பாரு செஞ்சி, படகுல வந்துச்சுன்னா கம்பெனி மொத்தமா பூடும். அப்புறம் எங்காளுங்க உங்கள கழியில கால வைக்க வுடுவாங்களா? உங்க கூடன்னு சொல்லிடு. ஒரு வருசம்தான். அடுத்த வருசம் நானே கூட்டியாந்து உக்கார வைக்கிறேன். எம் புள்ள மேல சத்தியம்."

செஞ்சியம்மா மனதுக்குள் கணக்குப் போட்டாள். மெய்யைச் சொன்னாலும் சூளை, பொய்யைச் சொன்னாலும் சூளை. பொய்க்கு மட்டும் ஓராண்டு கழித்துத் திரும்பி வர ஒரு வழி இருந்தது. பிறகு தொட்டிக்குத் திரும்பினாள்.

"எங்க கூடையில வந்ததுதான் சார்."

அவள் கொழுந்தன் எட்டியப்பனுக்குப் பொறுக்கவில்லை. "இல்ல சார். நாங்க சேத்துல புடிக்கிறவங்க. எங்க கையில இது எப்படி சார் மாட்டும்? அண்ணி, இன்னாத்துக்கு இப்படிச் சொல்ற?"

"நீ சும்மா இரு" என்றாள் அவள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

புருஷோத்தமன் கையிலிருந்த நண்டைத் திருப்பிப் பார்த்தார். செஞ்சியம்மாவைப் பார்த்தார். "தலைவியே ஒத்துக்கிட்ட பிறகு நான் சொல்ல என்ன இருக்கு?" என்றார். தடை அன்றே அமலுக்கு வந்தது. செஞ்சியம்மா அந்த நண்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு முகத்துவாரம் வரை நடந்துபோய், கட்டை அறுத்துக் கடலில் விட்டாள்.

ஓராண்டு போனது. தணிகாசலம் சத்தியம் செய்தபடியே, இருளர்களை மீண்டும் சேர்க்க வேண்டும் என்று சங்கத்தில் எடுத்துவைத்தார். தாய் நண்டைப் பிடித்ததாக அவர்களே சொன்னார்களே, அவர்களை எப்படிச் சேர்ப்பது என்று குப்பம் கேட்டது. அதற்கு மெய்யான பதில் ஒன்று அவரிடம் இருந்தது. அதை மென்று விழுங்கிவிட்டார். கம்பெனியின் நிபந்தனைக்காக இருளர் பெயர்கள் மட்டும் சங்கத்தில் இருந்தன, கால்வாயில் இறங்க அவர்களுக்கு அனுமதி இல்லை. எட்டியப்பன் அண்ணியோடு பேசுவதை நிறுத்திவிட்டான். செஞ்சியம்மா மறுபடியும் சூளை லாரியில் ஏறியபோது, எதிரே போன நண்டு வண்டியின் பெட்டிகளில் அவள் படம் சிரித்துக்கொண்டிருந்தது.

இனி நீங்கள் சொல்லுங்கள். பொய் சொல்லத் தூண்டியவர் தணிகாசலம். பொய் சொன்னவள் செஞ்சியம்மா. மெய் சொல்லியும் தன் சனத்தைக் காப்பாற்ற முடியாதவன் எட்டியப்பன். அந்தப் பொய்யையும் மெய்யையும் கேட்டுத் தீர்ப்பு சொன்னவர் புருஷோத்தமன். இந்த நால்வரில் பெரிய பொய் யாருடையது?

விடை: புருஷோத்தமனுடையது. தணிகாசலத்தின் பொய்க்குப் பின்னால் குப்பத்தின் சோறு இருந்தது. அது கோழைத்தனம்தான், ஆனாலும் காரணம் உண்டு. செஞ்சியம்மாவின் பொய் கழுத்தில் கத்தி வைத்து வாங்கியது. முட்டை வந்த நண்டு சேற்றில் தங்காது என்று படம் போட்டுக் காட்டியவர் புருஷோத்தமன். அது படகு வலையில்தான் வந்திருக்கும் என்று கையில் எடுத்தபோதே அவருக்குத் தெரியும். யார் தோற்றாலும் சம்பளம் குறையாத ஒரே ஆள் அவர். அப்படியும், பொய்யென்று சொல்ல முடியாத ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு வண்டியேறிப் போனார். பிடிபட்ட நண்டு கடலுக்குப் போனது. அதைப் பிடிக்காதவர்கள் சூளைக்குப் போனார்கள்.