நிழலுக்கு ஆசைப்பட்ட கத்தரிக்காய்க்காரன்

முன்னொரு காலத்திலே, ஓர் ஊரிலே ஒரு ராஜா இருந்தார். அவர் அரண்மனையிலேயே இருக்கட்டும். நமக்கு வேலை செவ்வாய்ச் சந்தையில்.

அந்தச் சந்தையில் செங்கோடன் என்றொருவன் கத்தரிக்காய் விற்றான். தன் காய்க்கு ஈடான காய் ஏழு ஊரிலும் இல்லை என்று நம்பினான். அப்படி நம்பியவன் அவன் ஒருவன்தான். சந்தையின் கடைக்கோடியில், கழுதை கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அவன் கடை. கழுதைகள்கூட அவன் கூடையை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

சந்தை வாசலில், பூவரச மர நிழலில் பாவாயி கீரை விற்றாள். அவளுக்கு நிலம் கிடையாது. தோட்டம் தோட்டமாகப் போய்க் கீரையும் கறிவேப்பிலையும் வாங்கி வருவாள். ஒவ்வொரு சந்தைக்கும் செங்கோடன் அவள் கூடையில் ஒரு கை கறிவேப்பிலை அள்ளுவான், காய் வாங்குகிறவர்களுக்குக் கொசுறு கொடுக்க.

"எடுத்துக்குங்கண்ணா" என்பாள். ஒரு நாளும் காசு கேட்டதில்லை.

ஆனாலும் அவனுக்கு அந்த நிழல்மேல் ஒரு கண். 'நம்ம காயில் குறையில்லை, இடத்தில்தான் குறை' என்று கணக்குப் போட்டான்.

அவரைக்காய்க்காரரிடம் போனான். புடலங்காய்க்காரரிடம் போனான். பூசணிக்காய்க்காரரிடம் போனான். "சொந்தமா விளைவிக்காதவங்களுக்குச் சந்தையில என்னங்க வேலை?" என்று மூன்று பேரிடமும் கேட்டான். மூவரும் தலையாட்டினார்கள். ஒவ்வொருவர் தலைக்குள்ளும் அந்தப் பூவரச நிழல் ஆடியது.

நால்வருமாய்ச் சந்தை மணியக்காரரிடம் முறையிட, சட்டம் வந்தது: தான் விளைவித்ததை மட்டுமே விற்கலாம், மீறினால் சந்தையை விட்டு வெளியே.

அடுத்த செவ்வாய், பாவாயி சந்தையின் எல்லைக்கல்லுக்கு அப்பால் வெயிலில் உட்கார்ந்தாள். சேவல் கூவுமுன்னே ஓடிவந்த செங்கோடன் நிழலில் உட்கார்ந்தான்.

முதல் ஆள் வந்தார். "கொசுறு எங்கே?" இல்லை என்றதும் காயைத் திரும்பக் கொட்டினார். இரண்டாம் ஆளும் கேட்டார், கொட்டினார். மூன்றாவதாகச் சத்திரத்துச் சமையல்கார அம்மாள் வருவது தெரிந்தது.

செங்கோடன் எல்லைக்கல்லுக்கு ஓடினான். "பாவாயி, ஒரு கை..." கேட்க நாக்குக் கூசியது. கூசினாலும் கேட்டுவிட்டது.

"எடுத்துக்குங்கண்ணா. துண்டுக்குள்ள மறைச்சுக்குங்க, உங்க சட்டம் பார்த்துடப் போகுது."

அவன் கறிவேப்பிலையை அம்மாள் முறத்தில் போடவும், மணியக்காரர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"செங்கோடா, இது நீ விளைவித்ததா?"

"மூணு தடவை நட்டேனுங்க. மூணு தடவையும் ஆடு தின்னுட்டுது."

"அப்போ விற்கக் கூடாதே?"

"விற்கலீங்களே! விற்கிறது கத்தரிக்காய். இது சும்மா." தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டான்.

"யாரப்பா சொன்னது?" என்றாள் அம்மாள். "நான் வாங்குறது கறிவேப்பிலை. அதுக்குக் கொசுறாத்தான் இந்தப் புழுக்கத்தரிக்காயை என் தலையில கட்டுற!"

சந்தையே சிரித்தது. கடைக்கோடியில் ஒரு கழுதையும் கனைத்தது. மணியக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. எல்லைக்கல்லைக் கைகாட்டினார்.

செங்கோடன் கைகூப்பினான். நடந்து போகிற தூரத்தில் வேறு சந்தையே கிடையாது.

"ஐயா, ஒண்ணு நான் போகணும், இல்லேன்னா சட்டம் போகணும். சட்டத்துக்குப் பசிக்காது, அது போகட்டுமே!"

"அப்படின்னா பாவாயி கூடையை நீயே தூக்கிட்டு வா."

எல்லார் கண்ணும் பார்க்க, பாவாயியின் கூடையைத் தலையில் சுமந்து வந்து நிழலில் இறக்கினான். தன் கூடையோடு கழுதைகளிடம் திரும்பினான். பின்னாலேயே வந்த பாவாயி ஒரு கை கறிவேப்பிலையை வைத்துவிட்டுப் போனாள்.

பொழுது சாய்ந்தது. அம்மாள் போனாள், பாவாயி போனாள், கழுதைகளும் போயின. மிஞ்சியது விற்காத காயும் அவனும்தான். ஒரு காயைப் பிட்டுப் பார்த்தான். புழு அவனை நிமிர்ந்து பார்த்தது.

"அடுத்தவரை வெளியேற்றப் போடும் சட்டம், போட்டவன் கூடையைத்தான் முதலில் கிளறும்" என்று அந்தப் புழுவிடம் சொல்லிச் சிரித்துவிட்டு, கடைசி ஆளாகச் செங்கோடன் சந்தையை விட்டு நடந்தான்.