ஒரு சாண் குழி

கிட்ட வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்லுகிற கதையில்லை.

மூன்று வருஷமாக மழை காணாத தேரிக்காடு. கண்ணுக்கெட்டின மட்டும் செம்மணல். நடுவில் மணல்சாமியின் குடிசை. சாமிக்கு வயது நாற்பது. அவருக்குச் சீடராக வந்து சேர்ந்த ஐயாப்பழத்துக்கு அறுபது.

ஐயாப்பழத்தின் மனைவி முத்துக்கனி காய்ச்சலில் போய்விட்டாள். தேரி ஓரத்தில் புதைத்து, நரி தோண்டாமல் இருக்க ஊர் வழக்கப்படி மேலே உடைமரத்து முள் பரப்பினார். மூன்றாம் நாள் பால் ஊற்றினார். மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் முள் விலகிக் கிடக்கிறது. மண்ணில் ஒரு குழி. சுற்றி நரித்தடம்.

அன்று சாயங்காலம் சாமியிடம் வந்தார்.

"நரியைக் கொன்னா பாவமா சாமி?"

"அது என்ன திங்குதுன்னு தெரியுமாவே?"

"என் பொண்டாட்டியத் திங்குது."

"கண்ணால பார்த்தீரா?"

"குழியப் பார்த்தேன். குனிஞ்சு பார்க்க மனசு வரலை."

"அப்ப அதோட பீயைப் பாரும். தினமும் பொறுக்கிட்டு வாரும், உடைச்சுப் பார்ப்போம். அந்தம்மா முடி ஒண்ணு கெடந்தாலும் நானே கொல்லுதேன்."

ஐயாப்பழம் ஓலையில் பொறுக்கி வந்தார். முதல் நாள் வண்டு இறக்கை. இரண்டாம் நாள் இலந்தைக்கொட்டையும் ஓணான் நகமும். மூன்றாம் நாள் கறுப்பாக ஒரு தோல்வார்த் துண்டு.

"இது என்ன சாமி?"

"உம்ம செருப்பு. போன மாசம் நான் எடுத்துட்டேன்னு என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருந்தீரே, அது."



நாலாம் நாள் வெறுங்கையோடு வந்தார்.

"எங்கவே?"

"இனிமே கிடைக்காது சாமி. உங்ககிட்டக் கேட்க வாரதுக்கு முன்னாலயே ஆட்டு ஈரல்ல எலிமருந்து வச்சுட்டேன். மூணு நாளா அது தொடலை. நேத்து ராத்திரி தின்னுருக்கு."

"செருப்பும் தீர்ந்தப்புறம் தொட்டிருக்கு."

சாமி எழுந்து நடந்தார். பின்னாலேயே ஐயாப்பழமும் போனார். முத்துக்கனியைப் புதைத்த மேட்டுக்குப் பக்கத்தில் பெண் நரி விறைத்துக் கிடந்தது. முலைக்காம்பில் பால் காய்ந்திருந்தது.

சாமி மண்டி போட்டு, குழிக்குள் கையை விட்டுப் பார்த்தார். ஒரு சாண். அதற்குக் கீழே மண் யாரும் கிளறாமல் கெட்டியாக இருந்தது.

"பால் ஊத்தின அன்னைக்கு என்ன படைச்சீரு?"

"கருப்பட்டிப் பணியாரம். அவளுக்குப் பிடிக்கும். தொண்டை நோகக் கூப்பிட்டேன், இந்தப் பஞ்சத்துல ஒரு காக்கா வரலை. அவளுக்காவது போய்ச் சேரட்டும்னு மண்ணுக்குள்ளயே வச்சு மூடினேன்."

"எவ்வளவு ஆழம்?"

ஐயாப்பழம் கையை விரித்துக் காட்டினார். விரித்த கை மடங்கவில்லை.

சாமி நரிக்குக் குழி தோண்டினார். இடுப்பளவு தோண்டி, உள்ளே வைத்து மூடினார். முத்துக்கனியின் மேட்டிலிருந்து பாதி முள்ளை இழுத்து வந்து அதன்மேல் போட்டார்.

"நரிக்கு எதுக்கு சாமி முள்ளு? இதை யாரு வந்து தோண்டப்போறா?"

"குட்டிக தேடி வரும்வே. பசியோட வரும். நீரு வச்ச மருந்து இதோட வயித்துல இருக்கு."

சொல்லிவிட்டு, முத்துக்கனியின் மேட்டில் மிச்சமிருந்த முள்ளையும் இழுத்து வந்து நரியின் மேல் அடுக்கினார்.