பருந்துக்குக் கொடுத்த குஞ்சுகள்

அந்தக் காலத்தில் கோழிக்கும் வாய்ப்பேச்சு இருந்தது. பேச்சு இருந்ததால் கூட்டம் போட்டன. கூட்டம் போட்டால் தலைவர் இல்லாமல் ஆகுமா? வெகுகாலம் ஆந்தைதான் தலைவர். அது பகலெல்லாம் தூங்கி வழிந்தது. போதும் இந்தத் தூங்குமூஞ்சி என்று கோழிகள் எல்லாம் ஒன்றுகூடிப் பருந்தைத் தேர்ந்தெடுத்தன.

பருந்து சும்மா வரவில்லை, வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் வந்தது. "எத்தனை தலைமுறையா மண்ணைக் கிளறிக்கிட்டே கிடப்பீங்க? உங்க பிள்ளைங்களை நான் பறக்க வைக்கிறேன். வாரத்துக்கு ஒரு குஞ்சை மேட்டுக்கு அனுப்புங்க. மேலே கொண்டுபோய்ப் பழக்கி விடுறேன்." கோழிக்கு வேறென்ன வேண்டும்? இறக்கை இருந்தும் வேலி தாண்டத் திணறுகிற ஜென்மம். கேட்டதும் குளிர்ந்து போயின.

அப்போது செவலை என்ற கோழிக்கு ஐந்து குஞ்சுகள். பருந்துக்காகத் தெருத்தெருவாகப் போய் ஆள் சேர்த்தவள் அவள்தான். அதனால் முதல் குஞ்சை அவளே மேட்டில் கொண்டுபோய் விட்டாள். பருந்து அதைக் காலில் இடுக்கிக்கொண்டு எழும்பியதும், "பாருங்கடி, என் பிள்ளை பறக்குது" என்று எல்லாரிடமும் காட்டினாள். பறந்தது என்னவோ உண்மைதான்.

மற்ற வீடுகள் முறை தவறியபோதெல்லாம் தன் குஞ்சையே கொடுத்தாள். நான்கு போயின. ஒன்றும் திரும்பவில்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு குஞ்சு. மறுநாள் காலை அதை அனுப்புவதாகச் சொல்லியிருந்தாள்.

அன்று நண்பகலில் காக்கை ஒன்று எதையோ கவ்விக்கொண்டு வந்து செவலை முன்னால் போட்டது. காய்ந்துபோன சின்னக் கால். அதில் விரல் ஒன்று கூடுதல். அந்த ஊரில் விரல் கூடிப் பிறந்தது செவலையின் மூத்த குஞ்சு மட்டுமே.

"பருந்து தங்குற பனைக்கு அடியில குவியலாக் கிடக்குக்கா. நீயே வந்து பாரு. இருக்கிற ஒண்ணையாவது காப்பாத்திக்கோ" என்றது காக்கை.

பெற்றவளுக்குத் தெரியாதா? பார்த்தவுடனே தெரிந்துவிட்டது.

ஆனால் மற்ற கோழிகளோடு ஓடிவந்த சேவல் முந்திக்கொண்டது. பருந்து சொன்னதைக் கூரையேறிக் கூவுவதுதான் அதற்குப் பிழைப்பு. "பறக்கப் பழகும்போது பழைய கால் கழண்டு விழும். புதுசு முளைக்கும். இதுகூடத் தெரியாதா?"

"நானும் பறக்கிறவன்தான் அண்ணே. எனக்குப் பிறந்ததிலிருந்து இதே கால்தான்."

"நீ ஆந்தையோட ஆளு. ஆந்தை இருந்தப்போ கீரி வந்து குஞ்சைத் தின்னுச்சே, அப்ப எங்கே போனே?"

"அப்பவும் வந்து சொன்னேன். அப்பவும் விரட்டினீங்க."

கூடியிருந்த கோழிகள் ஆளுக்கொரு சப்பைக்கட்டு கட்டின. இது பருந்துக்குத் தெரியாமல் நடந்திருக்கும் என்றது ஒன்று. பருந்து நல்லவர், கூட இருப்பவர்கள்தான் சரியில்லை என்றது இன்னொன்று. பனைமரத்தில் பருந்தைத் தவிர யாருமில்லை என்பது இரண்டுக்கும் தெரியும். வெட்கங்கெட்டவை. தன் குஞ்சுகளைப் புதருக்குள் ஒளித்து வைத்திருந்த கிழட்டுக் கோழிதான் எல்லாரையும்விட உரக்கப் பேசியது. "ஊர் உருப்படணும்னா நாலு போகத்தான் செய்யும்" என்றது.

செவலை அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காக்கை சொல்வது நிஜமென்றால் பருந்து கொலைகாரன், அது போகட்டும். நான்கு பிள்ளைகளையும் மேட்டுக்குக் கூட்டிப் போனது யார்? பயப்படாதே, போ என்று பின்னாலிருந்து தள்ளியது யார்? அதைத் தெரிந்துகொண்டு அவள் எப்படி இரை பொறுக்குவாள், எப்படிக் கண்ணை மூடுவாள்?

"இது என் பிள்ளை கால் இல்லை" என்றாள்.

"விரலைப் பாருக்கா."

"இல்லைன்னா இல்லை. என் பிள்ளைங்க மேலேதான் இருக்குதுங்க. பழகி முடிச்சதும் வரும்." சொல்லிக்கொண்டே மண்ணைக் கிளறி அந்தக் காலைப் புதைத்தாள். பிறகு காக்கையை ரத்தம் வரக் கொத்தி விரட்டினாள்.

மறுநாள் காலை கடைசிக் குஞ்சு மேட்டுக்கு வர மறுத்தது. "நான் பறக்கவே வேணாம்மா" என்று அவள் இறக்கைக்குள் புகுந்துகொண்டது.

"அண்ணன் அக்கா எல்லாம் உனக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்கடா" என்று செவலை அதை வெளியே தள்ளினாள். முந்தைய நான்கையும்விட வேகமாகத் தள்ளினாள். இதைக் கொடுக்காமல் விட்டால், அவற்றைக் கொடுத்தது தப்பென்று ஆகிவிடுமே. பாவி. பருந்து இறங்கியது, எழும்பியது. மேலே ஒரு சின்னச் சத்தம் கேட்டு நின்றுபோனது.

செவலைக்குத் தொண்டை வறண்டது. குட்டைக்குப் போய் ஒரு வாய் தண்ணீர் எடுத்தாள். உள்ளே இறங்கவில்லை. தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொரு வாய் எடுத்தாள், மறுபடி பார்த்தாள். பிள்ளை கொடுத்த மற்ற கோழிகளும் வந்து அவள் பக்கத்தில் நின்று அப்படியே செய்தன. வராது என்று சொல்ல ஒருத்திக்கும் வாய் வரவில்லை. அதைச் சொல்லாமல் விட்டவர்களுக்கு வேறு பேச்சும் மெல்ல மெல்ல மறந்துபோனது.

அன்று முதல்தான் கோழி ஒவ்வொரு வாய்த் தண்ணீருக்கும் அண்ணாந்து வானத்தைப் பார்க்கிறது, போன பிள்ளைகள் பறந்து வருமென்று.