மடுக்கரையில் விழுந்த முள்

செம்பன் என்ற குரங்கு ஒரு காலத்தில் முப்பது குரங்குகளுக்குத் தலைவனாக இருந்தான். ஆனைமடு என்ற நீர்மடுவைச் சுற்றியிருந்த காடு முழுவதும் அந்தக் கூட்டம் அவன் பின்னால் அலைந்தது. ஒருநாள் பக்கத்துக் காட்டிலிருந்து ஓர் இளங்குரங்கு வந்து அவனை அடித்து விரட்டியது. கூட்டம் மொத்தமும் புதுத் தலைவனோடு போய்விட்டது. அவன் பெற்ற குட்டிகள்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

செம்பன் ஒரு நாவல் மரத்தில் தனியாகக் குடியேறினான். அவனுக்குப் பேன் பார்க்க யாருமில்லை. முதுகு அரித்தால் மரப்பட்டையில் தேய்த்துக்கொண்டான். மரத்தடியில் மான்கள் தினமும் போயின, வந்தன. ஒன்றும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"அடிபட்ட குரங்குக்குக் கோபம் அதிகம். கிட்டப் போகாதீர்கள்!" என்று தாய்மான்கள் குட்டிகளுக்குச் சொல்லிவைத்திருந்தன.

ஒருநாள் செம்பன் தண்ணீர் குடிக்கும்போது செந்நாய்கள் சூழ்ந்துகொண்டன. கூட்டத்தில் இருந்திருந்தால் யாராவது மரத்திலிருந்து குரல் கொடுத்திருப்பார்கள். அன்று கொடுக்க ஆளில்லை. வாலில் ஒரு கடியோடு தப்பினான்.

மறுநாள் ஒரு புற்றின் அருகே முள்ளம்பன்றி உதிர்த்துப்போட்ட நீண்ட முள் ஒன்று அவன் கண்ணில் பட்டது. எடுத்து விரலால் நுனியைத் தொட்டுப் பார்த்தான்.

"இனிமேல் யார் என்னைத் தொடுவார்கள், பார்க்கலாம்!" என்றான். சொன்னதைக் கேட்கவும் யாருமில்லை.

அவன் முள்ளும் கையுமாகத் திரிவதைக் காட்டுப்பன்றி பார்த்துவிட்டது. "குரங்கிடம் முள் இருக்கிறதே! என் குட்டிகளைக் குத்தினால்?" என்று தேடிப்போய் இரண்டு முள் எடுத்துக்கொண்டது. பன்றியைப் பார்த்து நரி எடுத்தது. நரியைப் பார்த்துக் கீரி எடுத்தது. ஒரே மாதத்தில் முள் இல்லாமல் தண்ணீருக்கு வருபவர்கள் முயல்கள் மட்டும்தான் என்றாகிவிட்டது.

"நமக்கு எதற்கு முள்? கால் இருக்கிறது, ஓடிவிடுவோம்!" என்று நெட்டைச்செவி என்ற முயல் தன் மனைவி பூஞ்செவியிடம் சொல்லிச் சிரித்தான்.

கோடை வந்தது. மடு வற்றியது. ஒரே ஓர் இடத்தில்தான் இறங்கிக் குடிக்க முடிந்தது. உச்சி வெயிலில் எல்லா விலங்குகளும் வரிசையில் நின்றன. முன்னால் நின்ற செம்பன் குடித்து முடித்தும் நகரவில்லை. தண்ணீரில் தெரிந்த தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் நெட்டைச்செவியும் பூஞ்செவியும் நின்றார்கள்.

"ஏய், தள்ளிப் போடா! இன்னும் தலைவன் என்று நினைப்பா?" என்றான் நெட்டைச்செவி.

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். செம்பனின் கை உயர்ந்தது. கையில் முள் இருந்தது. அது நெட்டைச்செவியின் கழுத்தில் இறங்கியபோது, ஓடிவிடுவேன் என்ற முயல் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை. அப்படியே சரிந்து விழுந்தான்.

செம்பன் தன் கையைப் பார்த்தான். பிறகு முயலைப் பார்த்தான். முள்ளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

அன்று மாலை கரடியின் தலைமையில் விலங்குகள் கூடின. செம்பனை ஓடைக்கு அக்கரையில் உள்ள மொட்டைப் பாறைக்குத் துரத்துவது என்று முடிவானது. அதில் யாருக்கும் மறுப்பில்லை. முள் பற்றித்தான் சண்டை வந்தது.

"எல்லா முள்ளையும் பாறை இடுக்கில் போட்டு மூடுவோம்!" என்றது கரடி.

"முள்ளா தானாகப் போய்க் குத்தியது? குத்தியவன் கெட்டவன்! முள் இல்லாவிட்டால் பல்லால் கடித்திருப்பான்!" என்றது காட்டுப்பன்றி.

"அவன் கெட்டவன் என்று யாருக்கும் முன்னால் தெரியவில்லையே!" என்றது கரடி.

"என் முள்ளை நான் கொடுத்துவிடுவேன். சிறுத்தை தன் நகத்தைக் கொடுக்குமா? என் குட்டிகளை யார் காப்பாற்றுவது?" என்றது பன்றி.

முள் பற்றி எதையும் முடிவு செய்யாமல் கூட்டம் கலைந்தது. பூஞ்செவியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

அவள் மூன்று நாள் வளைக்குள்ளேயே கிடந்தாள். நாலாம் நாள் காலையில் ஓடையைத் தாண்டி மொட்டைப் பாறைக்குப் போனாள். செம்பன் ஒரு பிளவுக்குள் ஒடுங்கியிருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து ஓடப் பார்த்தான்.

"நில்! ஒன்றே ஒன்று கேட்கத்தான் வந்தேன். ஏன் அப்படிச் செய்தாய்?"

அவன் பிளவின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"கூட்டம் போன பிறகு என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பது நாளுக்கு மேல் இருக்கும். அன்றைக்கு உன் புருஷன் சொன்னதுதான் முதல் வார்த்தை. 'தள்ளிப் போடா' என்றான்."

"அதற்காகக் கொன்றுவிடுவாயா?"

"கொல்ல நினைக்கவில்லை. கை ஓங்கினேன். கையில் அது இருந்தது."

"இல்லாமல் இருந்திருந்தால்?"

"அறைந்திருப்பேன். அவன் ஓடியிருப்பான். மறுநாள் வந்து என்னை வாய்க்கு வந்தபடி திட்டியிருப்பான். நானும் திட்டியிருப்பேன்." செம்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "எனக்கும் திட்ட ஒரு ஆள் இருந்திருக்கும்."

பூஞ்செவி அழவில்லை. "உன்னை நான் மன்னிக்க மாட்டேன்" என்றாள். பிறகு திரும்பி நடந்தாள்.

நேராகக் கரடியிடம் போய் மறுபடியும் கூட்டம் கூட்டச் சொன்னாள். செம்பன் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

"பன்றி அண்ணே, முள் தானாகக் குத்தாது என்று சொன்னீர்கள். சரிதான். ஆனால் முள் இல்லாதிருந்தால் என் வீட்டுக்காரர் இன்றைக்கு உயிரோடு இருப்பார். கரடி அண்ணே, நீங்களும் ஒன்று கேளுங்கள். முள்ளை மூடிவிட்டால் மட்டும் போதாது. அந்தக் குரங்கு நாற்பது நாள் நம் தலைக்கு மேல்தான் உட்கார்ந்திருந்தது. நாம் யாரும் ஏனென்று கேட்கவில்லை. நானும்தான்."

காட்டுப்பன்றி தலையைக் குனிந்துகொண்டது. தன் புதருக்குப் போய் இரண்டு முள்ளையும் கொண்டுவந்து அவள் முன் வைத்தது. "சிறுத்தை வந்தால் என்ன செய்வது, தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டது.

"எல்லோரும் சேர்ந்து சத்தம் போடுவோம், அண்ணே. வேறு வழி எனக்கும் தெரியவில்லை."

எல்லா முள்ளும் பாறை இடுக்குக்குள் போயின. மேலே கரடி ஒரு கல்லை உருட்டி வைத்தது. தண்ணீருக்குத் தனியாக வருகிறவரிடம் ஒரு வார்த்தையாவது பேச வேண்டும் என்றும் வழக்கம் வைத்தார்கள்.

அதன் பிறகு சண்டையே வரவில்லை என்று சொல்ல முடியாது. காலில் புண் வந்து கூட்டத்தை விட்டு ஒதுங்கிய நரி ஒன்று அணிலைக் கடித்துவிட்டது. அணிலுக்குப் பாதி வால் போனது, உயிர் தப்பியது. மறுநாள் கரடி நரியிடம் போய், "கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டது. நரி ஊளையிட்டு அழுதது. அதற்குப் பிறகு அது யாரையும் கடிக்கவில்லை.

பூஞ்செவியிடமும் எல்லோரும் பேசினார்கள். "புல் கிடைத்ததா?" என்று மான்கள் கேட்டன. "கிடைத்தது" என்பாள். பிறகு தன் வளைக்குப் போவாள். அங்கே பேச ஒருவரும் இல்லை.

மொட்டைப் பாறைக்கு மட்டும் யாரும் போகவில்லை. "அந்த வழக்கம் அவனுக்குக் கிடையாது!" என்றது கரடி.

மழைக்காலம் பிறந்தது. ஒருநாள் மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. பூஞ்செவி ஓடைக்கரைக்குப் போனாள். அக்கரையில் பாறை உச்சியில் செம்பன் தனியாக உட்கார்ந்திருந்தான். அவள் திரும்பிவிடலாம் என்று நினைத்தாள். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

"பெரிய மழை வரும் போலிருக்கிறது! உள்ளே போ!" என்று கத்தினாள். அவள் குரலில் அன்பு இல்லை.

செம்பன் எழுந்து நின்றான்.

"சரி!" என்ற குரல் அக்கரையிலிருந்து வந்தது.

பூஞ்செவி திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். வளைக்குப் போய்ச் சேருவதற்குள் நன்றாக நனைந்துவிட்டாள்.

கையில் இருக்கும் ஆயுதத்தை வாங்கி வைத்தால் சாவு குறையும், ஆனால் தனித்துக் கிடப்பவரிடம் ஒரு வார்த்தை பேசினால்தான் கை ஓங்குவதும் குறையும்.