மூன்றாவது முடிச்சுக்கு முன்

மெர்சி டீச்சரிடம் தலை அலங்காரம் கற்றுக்கொள்ளச் சேர்ந்தபோது உலகம்மாளுக்கு நாற்பத்தைந்து வயது. டீச்சருக்கு முப்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் டீச்சர் டீச்சர்தான். அவள் நிற்கும்போது உலகம்மாள் உட்கார்ந்ததில்லை.

அன்று முதன்முறையாக ஒரு கல்யாணப் பெண்ணின் தலையை டீச்சர் அவளிடம் ஒப்படைத்தாள். பெண்ணின் பெயர் வடிவு.

"பின்னந்தலையில ஒரு எடத்துல புழுவெட்டு விழுந்து முடி கொட்டிருக்குக்கா. முடியத் தூக்கி மூடிருங்க" என்று காதோடு சொல்லிவிட்டு, டீச்சர் மண்டப வாசலுக்குச் சடைப்பூ வாங்கப் போனாள்.

வடிவு கண்ணாடியைப் பார்க்கவே இல்லை.

"வெளிய தெரியாதுல்லாக்கா?"

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"அவுகளுக்குத் தெரியும். அவுக அக்காவுக்குத் தெரியாது. மூணாவது முடிச்சு அவுகதான போடுவாக? பின்னால நின்னு, சடையத் தூக்கி..."

 வடிவு புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே சொன்னாள்.

"மொதல்ல பேசின எடத்துல பூ வைக்க வந்தாக. நாத்தனார் தலையத் தொட்டதும் கைய எடுத்துட்டாக. கொண்டாந்த பூவத் தாம்பாளத்தோட திருப்பித் தூக்கிட்டுப் போயிட்டாகக்கா."

தன் கையால் இந்தக் கல்யாணமும் நின்றுவிடக் கூடாதே என்று உலகம்மாள் சீப்பை எடுத்தாள்.

உச்சியில் ஒரு கற்றையைப் பிரித்து நேராகத் தூக்கிப் பிடித்தாள். சீப்பை நடுவில் வைத்து வேரை நோக்கி இறக்கினாள். இப்படித் தலைகீழாகச் சீவினால் வேரோரம் முடி பின்னிக்கொண்டு மெத்தைபோல உப்பும். அதன்மேல் நல்ல முடியை வழித்துவிட்டால் ஒன்றும் தெரியாது. நாலு இழுப்பு போதும்.

பயந்தவள் கை நாலோடு நிற்குமா? மூட வேண்டிய இடத்தை ஓரக்கண்ணால்கூடப் பார்க்காமல் சீவினாள். போதாது என்று தோன்றியது. இன்னும் சீவினாள். மேலே வழிப்பதற்கென்று விட்டுவைத்த முடியையும் இழுத்துச் சிக்காக்கினாள். தலை குருவிக்கூடாகிவிட்டது.

வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. "பொண்ணு ரெடியா?" என்று யாரோ கதவைத் தட்டினார்கள். வடிவு அழத் தொடங்கினாள்.

கதவு திறந்தது. இருவருக்கும் தூக்கிவாரிப்போட்டது. டீச்சர்தான்.

"கை ஓட மாட்டேங்கு டீச்சர். இந்தப் பயம் எப்படித்தான் போவும்?"

டீச்சர் சீப்பை வாங்கி நுனியிலிருந்து சிக்கெடுக்க ஆரம்பித்தாள்.

"ஐயையோ, எல்லாத்தையும் பிரிக்கீங்களே! நேரம் இல்ல டீச்சர்!"

"புழுவெட்டு எவ்வளவு பெருசுக்கா?"

"பெருசு டீச்சர்."

"பாத்தீங்களா?"

உலகம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீ பாத்தியா வடிவு?"

"பூவத் திருப்பிக் கொண்டுபோன அன்னைக்குத் தொட்டேன். உள்ளங்கை அகலம் இருந்துச்சு. அப்புறம் அந்தப் பக்கம் கையே கொண்டுபோவல."

கண்ணாடி ஓரத்தில் யாரோ ஒட்டிவைத்துப் போன சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. டீச்சர் அதை நகத்தால் உரித்தாள். வடிவின் பின்னந்தலை முடியை விலக்கிப் புழுவெட்டின்மேல் ஒட்டினாள். பின்னால் ஒரு கைக்கண்ணாடியைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் பாருங்க."

வடிவு பார்த்தாள். சிவப்புப் பொட்டு தெரிந்தது. அதைச் சுற்றி முடி கருகருவென்று முளைத்திருந்தது. உலகம்மாள் குனிந்து உற்றுப் பார்த்தாள். புழுவெட்டு பொட்டுக்கு வெளியே எங்கேயும் இல்லை.

டீச்சர் சீப்பை அவளிடமே நீட்டினாள்.

"இந்தப் பொட்ட மூடுங்க."

நாலு இழுப்பு. மேலே ஒரு வழிப்பு. சடையும் பூவும்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை இரண்டு முடிச்சுப் போட்டார். அவருடைய அக்கா பின்னால் வந்து நின்று சடையைத் தூக்கினாள். அப்போதுதான் உலகம்மாளுக்கு அந்தப் பொட்டின் நினைவு வந்தது.  டீச்சரின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

முடிச்சு விழுந்தது. சடை கீழே இறங்கியது. அக்கா குனிந்து வடிவின் காதில் ஏதோ சொல்ல, வடிவு சிரித்தாள்.

"டீச்சர்... பொட்ட எடுக்க மறந்துட்டோமே!"

"மறக்கலக்கா."

"யார் கையிலயாவது பட்டிருந்தா?"

"பட்டா என்னக்கா, பொட்டுதான? சடைய அவுக்கும்போது வடிவு கையே அந்தப் பக்கம் போவும். போற கையில பொட்டு தட்டுப்படட்டும், இவ்வளவுதான்னு கைக்கும் தெரியட்டும்."