காதுகுத்து வீட்டுச் சாம்பார்

ஒரு ஊரிலே, ஊர் பேர்தான் மறந்துபோச்சு, தாண்டவராயர்னு ஒரு பண்ணையார் இருந்தார். பேத்தியின் காதுகுத்து விருந்துக்கு, முந்தின நாள் மிஞ்சின சாம்பாரையே சுடவைத்துப் பரிமாறச் சொன்னார்.

“ஊசிப்போச்சுங்க ஐயா, பிள்ளைங்களுக்கு வயித்தக் கெடுத்துடும்,” என்றாள் சமையல்காரி குப்பாயி.

“அந்த வார்த்தை பந்தியிலே கேட்டுச்சுன்னா, உன் வேலை போச்சு!”

பந்தியில் பிள்ளைகள் சோற்றில் குழி பறித்துக் காத்திருந்தார்கள். வாளியோடு வந்த குப்பாயி தரையைத் துழாவினாள். “ஐயையோ, ஊசி போச்சே!”

“அடியே! சாம்பார் ஊசிப்போனதைச் சொல்லாதேன்னேனே!” என்று கத்தினார் பண்ணையார்.

“நான் காதுகுத்துற ஊசியைத் தேடுறேனுங்க. சாம்பாரைச் சொன்னது நீங்கதானே?”

சம்பந்தி எழுந்தார். பந்தியே எழுந்தது. பண்ணையாருக்குத் தலை நிமிரவில்லை. கடைசியாக மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அப்பா முகத்தைப் பார்க்காமலே நடந்தாள்.