இடதுபக்க பிரேக்

கணபதி பகுதியில் ஒரு பழைய லேத் பட்டறையை வாடகைக்குப் பிடித்து, திரையைப் பார்த்து ஓட்டுகிற சிமுலேட்டர் இருக்கைகளைப் போட்டு, கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தார் கமலவேணி. ஒரு காலத்தில் பந்தயங்களில் ஓட்டியவர். முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. ஆனாலும் அங்கே வருகிற அத்தனை பேருக்கும் அவர் மாஸ்டர்தான்.

சீடர்களில் மூத்தவர் குழந்தைவேலு. மூத்தவர் என்றால் வயதில் மட்டும்; பந்தய வேகத்தில் கடைசி பெஞ்சு. பேரன் பேத்தி எடுத்த மனுஷன், பந்தயக் கார் இருக்கையில் உடம்பை நுழைத்துக்கொண்டு கோத்தகிரி மலைப்பாதையை ஓட்டிக்கொண்டிருப்பார். மாஸ்டரிடம் பழகிய யாரோ அந்தப் பாதையை வளைவு வளைவாக அப்படியே கம்ப்யூட்டருக்குள் கட்டி வைத்திருந்தார்கள். அவருக்கு வேறு ரோடு வேண்டாம்.

குழந்தைவேலுவிடம் பாசிப்பச்சை நிறத்தில் ஒரு பழைய பியட் கார் இருந்தது. கல்யாணமான புதிதில் வாங்கியது. மகள் பிறந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தது அதில்தான். கண்ணில் அழுத்தம் கூடி, வலது ஓரம் இருண்டுபோனபோது, இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரை விற்றார்கள்.

வாங்க வந்தவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "டிரைவர் பக்கத்துக் கால் மேட்டு நல்லாத்தான் இருக்குது. இடதுபக்க மேட்டு ஏனுங்க ஓட்டையாக் கெடக்குது?"

குழந்தைவேலுவின் மனைவி தெய்வானை விருட்டென்று வீட்டுக்குள் போய்விட்டார்.

அந்த ஓட்டை தெய்வானை பிடித்த பிரேக். எதிரே லாரி தெரிந்தால் போதும், இடதுபக்க இருக்கையில் உட்கார்ந்தபடி வலது காலை ஊன்றித் தரையை அமுக்குவார். "உனக்கு எவன் லைசென்ஸ் குடுத்தது?" என்று இவர் சீறுவார். அவர் இன்னும் பலமாக அமுக்குவார்.

வீட்டில் முகத்துக்கு முகம் உட்கார்ந்தால் இருவருக்கும் பேச்சு வராது. காரில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே எதையும் பேசுவார்கள். மகள் ஒருவனை விரும்புகிற விஷயத்தைத் தெய்வானை போட்டு உடைத்ததே கோத்தகிரி மலையில், ஒரு கொண்டை ஊசி வளைவின் நடுவில்தான். அந்த இடத்தில் மனுஷன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டுச் சண்டைக்கு வர முடியாதே.

கார் போனது, வீட்டில் பேச்சும் போனது. "சாப்பிடறீங்களா?" "வெய்யி." அவ்வளவுதான். மிச்சத்தை டிவி பேசியது. அந்த அமைதி குழந்தைவேலுவை அரித்துக்கொண்டே இருந்தது. ஆனால் கார் ஓட்ட முடியாததுதான் தன் வருத்தம் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலை அவர் மாஸ்டரிடம் கேட்டார்.

"ஊட்டுலயே ஒண்ணு வாங்கி வெச்சுக்கலாம்னு இருக்கறனுங்க மாஸ்டர். ஸ்டியரிங் வாங்கறதுங்களா, இல்ல கைக்குள்ள அடங்குதே, பட்டனை அமுக்கி வெளையாடற அந்தக் கேம்பேடு வாங்கறதுங்களா?"

"பந்தயத்துக்குப் போறீங்களாண்ணா?"

"இந்தக் கண்ணை வெச்சுக்கிட்டா? நெசமா ஓட்டற மாதிரி இருந்தாப் போதுமுங்க."

"பந்தயத்துக்குன்னா ஸ்டியரிங்குன்னு யோசிக்காமச் சொல்லிருவேன். நெசத்துக்குன்னா யோசிக்கோணும்."

"இதுல யோசிக்க என்னங்க இருக்குது?"



"கார்ல பக்கத்துல யாரு உக்காருவாங்க?"

"ஊட்டுக்காரிதான். வேற யாரு?"

"நாளைக்கு அக்காவைக் கூட்டிட்டு வாங்க. அப்பறம் சொல்றேன்."

தெய்வானைக்கு இதில் துளியும் இஷ்டமில்லை. கிழவனுக்கு விளையாட்டுப் புத்தி வந்துவிட்டது என்ற முகத்தோடுதான் வந்தார். மாஸ்டர் சிமுலேட்டருக்கு இடதுபக்கம் ஒரு நாற்காலியைப் போட்டார். தெய்வானை இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் ஸ்டியரிங்.

குழந்தைவேலு பிரமாதமாக ஓட்டினார். கையும் காலும் தானாக வேலை செய்தன. கல்லில் ஏறினால் ஸ்டியரிங் கைக்குள் அதிர்ந்தது. சுவரில் ஓர் உரசல் இல்லை. ஆனால் வாய் மட்டும் குறை சொல்லிக்கொண்டே வந்தது.

"பியட்டுல ஸ்டியரிங் இன்னும் கனமா இருக்குமுங்க."

மாஸ்டர் ஏதோ ஒரு பட்டனை அமுக்கினார். ஸ்டியரிங் கனத்தது.

"கிளச்சு இவ்வளவு மேல புடிக்காதுங்க."

மாஸ்டர் அதையும் மாற்றினார்.

"கியரு ஸ்டியரிங்குக்குப் பக்கத்துலயே இருக்குமுங்க. இங்க, இப்படி." அவர் கை, அங்கே இல்லாத ஒரு கியரைத் தேடி வெறும் காற்றில் நின்றது.

அதை மாஸ்டரால் மாற்ற முடியவில்லை. குழந்தைவேலு வண்டியை நிறுத்தினார். எல்லாம் அச்சாக அப்படியே இருக்க இருக்க, போன கார் போய்விட்டது என்பதுதான் அவருக்கு உறைத்தது.

"நல்லா ஓட்டறீங்க," என்றார் தெய்வானை. யாரோ ஒரு விருந்தாளியிடம் சொல்வதைப் போலச் சொன்னார். கால்கள் நாற்காலியின் மேலேயே இருந்தன.

மாஸ்டர் கேம்பேடை எடுத்து நீட்டினார்.

"இது பொம்மையல்லங்க?"

"ஓட்டிப் பாருங்ணா."

அவருக்கு அது பிடிபடவே இல்லை. கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்தால் கார் துள்ளிக்கொண்டு எங்கேயோ போனது. இதைப் பியட்டோடு ஒப்பிட அவருக்கு நேரமும் இல்லை, வழியும் இல்லை. ரோட்டில் நிற்பதே பெரும்பாடாக இருந்தது. முதல் வளைவில் சுவரை உரசினார்.

"பாத்துங்க!" என்றார் தெய்வானை.

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கறன்."

"எங்க பாக்கறீங்க? ஹாரன் அடிங்க, வளைவு வருதில்ல!"

ஹாரன் எந்தப் பட்டன் என்று தேடி ஒவ்வொன்றாக அமுக்கினார். வைப்பர் ஓடியது. விளக்கு எரிந்தது. தெய்வானை சட்டென்று வாயைப் பொத்திச் சிரித்துவிட்டார்.

மலை இறங்கிக்கொண்டிருந்தார்கள். கீழே இருந்து ஒரு லாரி முக்கி முனகி மேலே வந்தது.

"ஏறற வண்டிங்க. வழி உடுங்க."

குழந்தைவேலு காரை ஓரங்கட்டி நிறுத்தினார். அந்தப் பட்டறையில் அதுவரை யாரும் எதிரே வருகிற வண்டிக்கு நின்று வழிவிட்டதில்லை. லாரி நிதானமாகக் கடந்து போனது.

"கை காட்டிட்டுப் போறான் பாருங்க," என்றார் தெய்வானை.

லாரிக்குள் டிரைவர் என்று யாரும் இல்லை. குழந்தைவேலுவும் பதிலுக்குத் தலையாட்டினார்.

கார் மறுபடி நகர்ந்தது. இரண்டு வளைவுகள் போயின. பிறகு தெய்வானை திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"அந்த மேட்டு ஏன் ஓட்டையாக் கெடக்குதுன்னு அந்தாளு கேட்டானில்ல, அன்னிக்கு உள்ள போயி அழுதுட்டனுங்க."

குழந்தைவேலுவும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் காம்பவுண்டுக்கு வெளிய போயி நின்னுக்கிட்டன்."

"சொல்லவே இல்லையே?"

"எங்க வெச்சுச் சொல்றது?"

தெய்வானை மூக்கை உறிஞ்சினார். "குஞ்சப்பனை செக்போஸ்ட்டு வந்தா நிறுத்துங்க. பலாப்பழம் வாங்கோணும்."

"போன தடவை வாங்கி அழுகிப்போச்சல்ல?"

"அது நீங்க பொறுக்குன பழம்."

குழந்தைவேலுவுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. கேட்க வந்த கேள்வி அப்போதுதான் ஞாபகம் வந்தது. கேம்பேடைப் பிடித்தபடியே, பின்னால் நின்ற மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அப்ப எதை வாங்கட்டுமுங்க மாஸ்டர்?"

திரையில், வளைவைத் தாண்டி ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது.

மாஸ்டர் அவரைப் பார்க்கவில்லை. கீழே, நாற்காலியிலிருந்து எப்போதோ இறங்கிவிட்ட தெய்வானையின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கால் சிமெண்டுத் தரையை முழுப் பலத்தோடு அமுக்கிக்கொண்டிருந்தது.

"ரோட்டைப் பாருங்ணா," என்றார் மாஸ்டர். "அக்கா பிரேக் புடிக்கறாங்க."